இரண்டு சிவப்பு வயர்கள்

நூலகரிடம் சொந்தமாக ஒரு டெஸ்டர் கிடையாது. சால்டரிங் அயர்ன் வாங்கினார், ஈயக்கம்பிச் சுருள் வாங்கினார், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய சர்க்யூட் போர்டு ஒன்று வாங்கினார், அதில் உட்கார்ந்து 'டக், டக்' என்று சொடுக்குப் போடும் ரிலேக்கள் வாங்கினார். மூக்குக் கண்ணாடிக்கு மேல் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியைக்கூட விடவில்லை. டெஸ்டரை மட்டும் விட்டுவிட்டார். வீட்டுக்குள்ளேயே ஒரு டெஸ்டர் நடமாடிக்கொண்டிருக்கும்போது தனியாக இன்னொன்று எதற்கு?

நடமாடும் டெஸ்டர் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் எலக்ட்ரீஷியன். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகும் இடத்தில் அவன் டெஸ்டரைச் செருகியிருப்பான். புதுச்சட்டை போட்டாலும் முதலில் பைக்குள் போவது அதுதான். அதனால் வீட்டில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவனுடைய அம்மா மட்டும் 'சின்னவன்' என்பாள்.

அந்த அம்மாவுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். முழங்கால் இரண்டிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சக்கர நாற்காலியோடு மகள் வீட்டுக்கு வந்தவள். அவள் அறையின் சுவிட்சோ பீரோவுக்குப் பின்னால், நின்றால்தான் எட்டும் உயரத்தில் இருந்தது. பொழுது சாய்ந்தால், "யாராவது இந்த லைட்டப் போடுங்களேன்" என்று மெல்லக் குரல் கொடுப்பாள். கூப்பிட்டதற்கே மன்னிப்புக் கேட்கிற குரல். மருமகனுக்கு அது பொறுக்கவில்லை. சுவிட்சுப் பெட்டிக்குள் ரிலேயை வைத்துவிட்டால், கழுத்தில் தொங்கும் சின்ன பட்டனை அமுக்கி, உட்கார்ந்த இடத்திலிருந்தே விளக்கைப் போடலாம், அணைக்கலாம். சுவரில் இருக்கும் பழைய சுவிட்சும் வேலை செய்யும். நூலகத்துக்கு வரும் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தார். கருணையில் தொடங்கிய காரியம்தான். பாதி வழியில் பெருமையும் வந்து சேர்ந்துகொண்டது.

"தம்பி, டெஸ்டரக் கொஞ்சம் குடு" என்றார் ஒரு வெள்ளிக்கிழமை.

"எதுக்கு அத்தான்? நானே வந்து பாத்துத் தரேனே."

"ஏன், எனக்குப் புடிக்கத் தெரியாதா? லைட்டு எரிஞ்சா கரண்டு இருக்கு, எரியலைன்னா இல்ல. இதுக்குத் தனியா ஒரு படிப்பு வேற படிக்கணுமாக்கும்."

மச்சினன் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான். "சரி சரி, பத்திரம். நாளைக்கு வேலை இருக்கு, காலைல வாங்கிக்கிறேன். அது இல்லாம போனா கையில்லாம போன மாதிரி இருக்கும்."

அது பழைய வீடு. கட்டியவர்கள் கையில் அன்று ஒரே நிறத்து வயர்தான் இருந்திருக்கும் போல. பெட்டிக்குள்ளிருந்து வந்த இரண்டுமே சிவப்பு. கரண்ட் வரும் வயரும் சிவப்பு, திரும்பிப் போகும் வயரும் சிவப்பு. நூலகர் டெஸ்டரை வைத்துப் பார்த்து, வருவதற்கு '1' என்றும் போவதற்கு '2' என்றும் காகிதத் துண்டில் எழுதி ஒட்டினார். புத்தக முதுகில் எண் ஒட்டி ஒட்டிப் பழகிய கை, ஓரம் பிசகாமல் ஒட்டியது. மெயினை அணைத்துவிட்டு வயர் நுனிகளைச் சுரண்டினார். சனிக்கிழமை காலையில் மச்சினன் வந்து டெஸ்டரை வாங்கிக்கொண்டு போனான்.

மதியம் பெட்டியைத் திறந்தபோது ஒட்டிய இரண்டு துண்டுகளும் தரையில் கிடந்தன. சுண்ணாம்புத் தூளில் பசை நிற்கவில்லை.

இந்த இடத்தில் அவர் செய்திருக்க வேண்டிய காரியம் மிகச் சிறியது. ஒரு போன். "தம்பி, வேலை முடிஞ்சு வரும்போது டெஸ்டரோட வா." அவ்வளவுதான். ஆனால் அவன் என்ன சொல்வான் என்று அவருக்குத் தெரியும். "என்ன அத்தான், ஒரு நாள்கூட நிக்கலையா உங்க படிப்பு?" என்பான். கெட்ட எண்ணத்தில் சொல்லமாட்டான். சொல்லிவிட்டு உடனே வண்டியில் ஏறி வந்தும்விடுவான். இருந்தாலும் அந்த ஒரு கேலியை வாங்கிக்கொள்ள நூலகரின் மனம் இடம் கொடுக்கவில்லை. இடப்பக்கம் இருந்தது ஒன்று, வலப்பக்கம் இருந்தது இரண்டு என்று ஞாபகத்திலிருந்து முடிவுகட்டி, துண்டுகளை மறுபடி ஒட்டினார். ரிலேயை '1' என்ற வயரில் சேர்த்தார். மூடினார்.

மெயினைப் போட்டார். விளக்கு எரிந்தது. பட்டனை அமுக்கினார். 'டக்.' அணைந்தது.

ரிலேயோ சுவிட்சோ, கரண்ட் வருகிற வயரில்தான் இருக்க வேண்டும். போகிற வயரில் இருந்தாலும் விளக்கு எரியும், அணையும். பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டர் வரைக்கும் கரண்ட் வந்து, ஆள் வருகிறதா என்று காத்துக்கொண்டு நிற்கும்.

அன்று மாலை வீடே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அத்தை பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு 'டக்'குக்கும் சிரித்தாள். "கடவுள் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார் மாப்பிள்ளை" என்றாள். மச்சினன் சுவரில் காதை வைத்துக் கேட்டான்.

"அருமையா இருக்கு அத்தான். ஒரு தடவை தெறந்து பாக்கட்டுமா? சும்மா, ஆசைக்கு."

"ஆசைக்கெல்லாம் தெறந்தா அப்புறம் உன் வேலையாயிடும் அது. இது என் வேலை. பாத்துத் தெரிஞ்சுக்கணும்னா லைப்ரரிக்கு வா, பத்திரிகை தரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மச்சினனும்தான்.

இரண்டொரு நாள் கழித்து அத்தை ஒரு விஷயம் சொன்னாள். "அணைச்ச பிறகும் பல்பு லேசா மினுக்குது மாப்பிள்ளை. மின்மினி மாதிரி."

"அந்த பல்பெல்லாம் அப்படித்தான் அத்தை" என்றார் நூலகர், ரொட்டியை மென்றுகொண்டே. அவருக்கு உண்மையில் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை.

ஆறு வாரம் போனது. ஒரு விடுமுறை நாளில் மனைவி வீட்டை ஒட்டடை அடித்தாள். அம்மாவின் அறையில் இரும்பு ஸ்டூலைப் போட்டு ஏறினாள். "அம்மா, லைட்ட அணை" என்றாள். அம்மா அணைத்தாள். பல்பைக் கழற்றிக் கீழே கொடுத்துவிட்டு, ஹோல்டரைத் துடைப்பதற்காக ஈரத் துணியை உள்ளே விட்டாள். விழுந்துவிடாமலிருக்க இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள்.

நூலகர் கூடத்திலிருந்து ஓடி வந்தபோது அவள் தரையில் கிடந்தாள். வலது மணிக்கட்டு பார்க்கக்கூடாத கோணத்தில் மடங்கியிருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. கீழே விழுந்ததுதான் அவளைக் காப்பாற்றியது. நாற்காலியில் அவள் அம்மா பட்டனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் அணைச்சேனே, அணைச்சேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். அவர் மனைவி அத்தைக்குத் துணையாக இருந்தாள். மருத்துவமனைக்கு மச்சினன் இவர்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றான், கையில் வேலைத் தூசியோடு. எலும்பைச் சேர்த்துக் கட்டு போடுவதற்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த நூலகருக்குள் ஏதோ ஒன்று மெதுவாகத் திரும்பியது. தரையில் கிடந்த இரண்டு காகிதத் துண்டுகள். மின்மினி.

"மாத்துத் துணி எடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தார்.

"நான் போறேன் அத்தான், நீங்க அக்காகூட இருங்க."

"இல்ல, எங்கே இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்து அந்த அறைக் கதவைச் சாத்தினார். மருத்துவமனைக்குக் கிளம்பும்போது அணைத்துவிட்டுப் போன மெயின் அப்படியே இருந்தது. பெட்டியைச் சுவரிலிருந்து முழுதாக இழுத்தார். பின்பக்கம், இதுவரை அவர் பார்க்காத இடத்தில், ஒரு சிவப்பு வயரிலிருந்து சின்னத் துண்டு ஒன்று பக்கத்திலிருந்த ஃபேன் சுவிட்சுக்குப் போனது. கரண்ட் வருகிற வயரிலிருந்துதான் அப்படிக் கொடுப்பார்கள். அந்த வயரின் மேல் ஒட்டியிருந்த எண் '2'. ரிலே இருந்ததோ '1' என்பதில்.

மதிய வெயில் ஜன்னல் வழியாக நேராகப் பெட்டிக்குள் விழுந்தது. தெரியாமல் போக வழியே இல்லை.

அவர் அழவில்லை. உட்காரக்கூட இல்லை. வேலையில் இறங்கினார். இரண்டு வயரையும் மாற்றினார், திருகை முறுக்கினார், காகிதத் துண்டுகளைக் கசக்கிப் பைக்குள் போட்டார், மூடினார். பத்து நிமிடம். வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை அவர் செய்ததில்லை.

"என்ன பண்றீங்க மாப்பிள்ளை?" என்று கூடத்திலிருந்து அத்தையின் குரல்.

"ஒண்ணுமில்ல அத்தை. துணி எடுக்கறேன்."

கைக்கு வந்த துணியை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார். மருத்துவமனையில் பிரித்துப் பார்த்தால் எல்லாம் அத்தையின் துணி. வலியிலும் மனைவி சிரித்தாள். "பாவம், மனுஷன் பதறிப் போயிட்டார்" என்றாள் நர்ஸிடம். நர்ஸும், "உங்க மேல அவ்வளவு உயிர்" என்றாள். நூலகர் தலையைக் குனிந்துகொண்டார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாலையில் மச்சினன் ஏணியோடு வந்தான். மெயினைப் போட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்தான். போட்டால் கரண்ட், அணைத்தால் இல்லை. எல்லாம் சரி. கீழே இறங்கி யோசித்தான்.

"அத்தான், உங்க போர்டுல ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. பாத்துட்டேன்."

பொய் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. இல்லை என்பதும் உண்மை, பார்த்துவிட்டேன் என்பதும் உண்மை. கேட்டவன் நம்பிவிட்டான். சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தும், சொன்னதென்னவோ முழுப் பொய். கடவுளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியும்.

மச்சினன் மறுபடி ஏறினான். விளக்கும் ஃபேனும் சேரும் மேல்மூடியைக் கழற்றினான். போன வருஷம் அந்த ஃபேனை மாட்டியவன் அவன்தான். ஃபேன் வயரின் இணைப்பில் சுற்றியிருந்த டேப் ஓர் இடத்தில் தளர்ந்து தொங்கியது. அக்கா விழும்போது ஹோல்டரோடு சேர்த்து இழுத்ததில் தளர்ந்தது அது. அவனுக்கு எப்படித் தெரியும்?

ஏணியின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இறங்கி வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான்.

"என் டேப்புதான். இதுல கசிஞ்சு ஹோல்டருக்கு ஏறியிருக்கு. என் கையாலயே எங்கக்காவ விழ வச்சுட்டேன்."

நூலகர் வாயைத் திறந்தார். "தம்பி..." என்றார். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் ஒரு நாள் வெட்கத்தோடு போயிருக்கும். "தம்பி, விடு. யாருக்கும் நடக்கறதுதான்" என்றார். அந்தப் பெருந்தன்மையைக் கேட்டு மச்சினன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

அதோடு முடியவில்லை. அதே டேப்பைப் போன வருஷம் பத்தொன்பது வீட்டில் சுற்றியிருந்தான் மச்சினன். ஒவ்வொரு வீடாக ஏணியைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தான். "நான் சுத்துன டேப்பு சரியில்லைங்க, பிரிச்சுப் பாத்து வேற சுத்தித் தரேன்" என்று வாசலில் நின்று தன் வாயாலேயே சொன்னான். சிலர் சரி என்றார்கள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். பகலெல்லாம் இதிலேயே போனதால் புது வேலை எதையும் எடுக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் மாடியில் புதிதாக இரண்டு அறை கட்டியிருந்தார். அதற்கு முழு வயரிங்கும் இவன்தான் என்று பேசி முடிந்திருந்தது. அந்த ஒரு வேலையை நம்பித்தான் அவன் அந்த வருஷத்தையே ஓட்டலாம் என்றிருந்தான்.

மூன்றாவது வாரம் அவன் மூக்கில் கண்ணாடியோடு வந்தான்.

"என்னடா டெஸ்டர், நீயும் படிப்பாளி ஆயிட்டியா?" என்று கேட்டார் நூலகர். பழக்கதோஷம். கேட்ட பிறகுதான் அவன் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார்.

இரவில் படுத்தால் அத்தை பிரார்த்தனை செய்யும் முணுமுணுப்பு கேட்கும். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேண்டிக்கொள்வாள். நூலகரின் பெயர்தான் முதலில் வரும். அவர் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொள்வார். நூலகத்தில் யாராவது பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தெரியாததுபோல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால், அவருக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். இருபது வருஷ அனுபவம். இப்போது கண்ணாடி முன் சவரம் செய்யும்போதெல்லாம் அந்த முகம்தான் எதிரில் நின்றது.

ஒரு மாலை வேலை முடிந்து வந்தபோது அத்தையின் அறை இருட்டாக இருந்தது. உள்ளே யாருமில்லை என்று நினைத்துச் சுவர் சுவிட்சைப் போட்டார். ஜன்னலோரம் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் அத்தை இருட்டுல இருக்கீங்க? பட்டன் எங்கே?"

"டிராயர்ல வச்சுட்டேன் மாப்பிள்ளை. யாராவது வந்து போடட்டும்னு இருந்தேன்."

"எத்தனை நேரமா?"

"அதென்ன, ஒரு நாழி. பழகிடுச்சு." பிறகு தயங்கிச் சொன்னாள். "அன்னைக்கு நான் சரியா அமுக்கலையோன்னு எனக்கு ஒரு இது. சின்னவன் தன் டேப்புன்னு சொல்றான். அம்மாவக் காப்பாத்தச் சொல்றானோ என்னமோ. ஆனா ஒண்ணு. முன்னெல்லாம் அணைச்சாலும் பல்பு மினுக்கும்ல? அவன் கை வச்சதிலேர்ந்து மினுக்கவே இல்ல. நல்லாத்தான் சரி பண்ணியிருக்கான், பாவம்."

நூலகர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது வாசலில் ஏணி சாயும் சத்தம் கேட்டது. மச்சினன் வந்து அதே அறையில் தரையில் உட்கார்ந்தான். அக்கா வந்து, கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் தண்ணீர் கொடுத்தாள். டம்ளர் ஆடியது. அவன் சட்டென்று எழுந்து வாங்கிக்கொண்டான்.

"மருந்துக்கடைக்காரர் வேற ஆளப் பாத்துட்டாராம்" என்றான் டம்ளருக்குள்ளேயே. "'சொந்த அக்காவுக்கே ஷாக் அடிக்க வச்சவன் என் வீட்டுச் சுவத்துல கை வைக்க வேணாம்'னுட்டாரு. தப்பா சொல்லல. அவருக்கும் புள்ளைங்க இருக்கு."

"நான் போய்ப் பேசறேன் அவர்கிட்ட" என்றாள் அக்கா. "என் கைதானே உடைஞ்சது? எனக்கே கோவம் இல்லை, அவருக்கு என்ன வந்துச்சாம்?"

"வேணாம்க்கா. எனக்கே பயமாத்தான் இருக்கு. இப்பெல்லாம் ஒரு ஜாயின்ட்ட நாலு தடவை பிரிச்சுப் பாக்கறேன்."

"தம்பி" என்றார் நூலகர். "உன் டேப்பு இல்ல."

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"நான்தான். ரெண்டு வயரையும் மாத்திப் போட்டுட்டேன். திரும்பிப் போற வயர்ல ரிலேய வச்சுட்டேன். அணைச்சாலும் ஹோல்டர்ல கரண்டு இருந்துச்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து சரி பண்ணி மூடிட்டேன். நீ வர்றதுக்கு முன்னாடியே."

மனைவிதான் முதலில் பேசினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"துணி எடுக்கப் போறேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அம்மா துணிய அள்ளிட்டு வந்தீங்க. உங்களுக்கு எம்மேல உயிருன்னு அந்த நர்ஸு சொல்லுச்சு. நான் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்." தம்பி கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். "தெரு முழுக்கச் சொன்னேங்க."

மச்சினன் மூன்று தடவை கேட்டான். "நிஜமாவா அத்தான்? எனக்காகச் சொல்லலையே? நிஜமாவே என் டேப்பு இல்லையா?" மூன்று தடவையும் இவர் "இல்ல" என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது அவன் முகத்தில் கோபத்தைத்தான் தேடினார். இருந்தது நிம்மதி. அதுதான் தாங்கமுடியாமல் போயிற்று.

"பதிமூணு வீட்ல ஏறிட்டேன் அத்தான்" என்றான். "பதிமூணுலயும் ஜாயின்ட் கல்லு மாதிரி இருந்துச்சு. அப்போ ஏன் இங்க மட்டும் தளந்துச்சுன்னு புரியவே இல்ல. எனக்குத்தான் கண்ணு தெரியலைன்னு நெனச்சேன். அதான் கண்ணாடி போட்டேன். டாக்டர் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு. நான்தான் கெஞ்சி, கொஞ்சமாவது பவர் போட்டுக் குடுங்கன்னு கேட்டு வாங்குனேன்."

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு எழுந்து வெளியே போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றான். அவன் முதுகு குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று நூலகருக்குத் தெரியவில்லை. போய்த் தொடும் உரிமை தனக்கில்லை என்று மட்டும் தெரிந்தது.

அத்தை நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "மாப்பிள்ளை, அந்த டிராயரத் தெறங்க" என்றாள். பட்டனை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு தடவை அணைத்தாள், ஒரு தடவை போட்டாள். "அப்ப நான் சரியாத்தான் அமுக்கியிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குத்திக்காட்டவில்லை. தன் மனசிலிருந்து ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். அந்தக் கல்லை அங்கே வைத்தது யார் என்று நூலகருக்குத்தான் தெரியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவி அவரோடு பேசவில்லை. ஆனால் சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டிருந்தாள், ஒற்றைக் கையால் மடித்தது. "அந்தப் பதிமூணு வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள் சுவரைப் பார்த்து. "அவன் போன மாதிரியே நடந்து."

"நீங்க வரணும்னு இல்ல அத்தான்" என்றான் மச்சினன். "நானே சொல்லிக்கிறேன்."

"நீ சொன்னா அத்தானக் காப்பாத்தச் சொல்றேன்னு நெனைப்பாங்க" என்றார் நூலகர், சட்டையை மாட்டிக்கொண்டே.

முதல் வீட்டில் வாசலில் நின்று இதைச் சொல்லி முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பத்திரிகை, ரிலே, சிவப்பு வயர், பசை என்று எல்லாவற்றையும் உள்ளே இழுத்தார். அந்த வீட்டு அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப என்னதான் சொல்ல வரீங்க?" என்றாள். இரண்டாவது வீட்டில் பசையை விட்டார். நான்காவதில் பத்திரிகையை விட்டார். வீட்டுக்கு வீடு சுருங்கிச் சுருங்கி, பத்தாவது வீட்டில், "தப்பு நான் பண்ணேன், பழி இவன் மேல விழுந்துச்சு, இவன் வேலை சுத்தம்" என்ற மூன்று துண்டுகள்தான் மிச்சம் இருந்தன. அதைச் சொல்லும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் காது சுட்டது. ஒரு கிழவர், "அட, இதச் சொல்லவா வெயில்ல வந்தீங்க?" என்று இருவருக்கும் மோர் கொடுத்தார். ஒருவர் கதவைத் திறக்காமலே கேட்டார். நூலகத்துக்கு வாரம் தவறாமல் வரும் பெண்மணி ஒருத்தி, "நீங்களா சார்?" என்றாள். அந்த ஒரு வார்த்தை மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது.

பட்டியலில் இல்லாத வீடு மருந்துக்கடைக்காரருடையது. அங்கே போக வேண்டாம் என்று மச்சினன் தெருமுனையிலேயே நின்றுவிட்டான். நூலகர் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மருந்துக்கடைக்காரர் கறாரான மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நூலகரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?"

"விழுந்த அன்னைக்கே."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

"ஒரு மாசம் அவன ஊரு முழுக்க அலைய விட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

மருந்துக்கடைக்காரர் மச்சினன் பக்கம் திரும்பினார். அவர் குரல் தணிந்தது. "மாடிக்கு வாப்பா. அந்த ஆளு இன்னும் ஆரம்பிக்கல. எங்கெங்க பாயின்ட் வேணும்னு ஒரு தடவை நடந்து பாத்துடுவோம்." மச்சினன் செருப்பைக் கழற்றினான். நூலகரும் கழற்றக் குனிந்தார். "நீங்க இங்கயே இருங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

நூலகர் நிமிர்ந்து ஒதுங்கி நின்றார். நியாயம்தான் என்று பட்டது. தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். இவரும் சொன்னார். உள்ளே படியேறும் சத்தம் கேட்டது, பாதியில் நின்றது.

"சார்" என்று மச்சினனின் குரல் மேலிருந்து வந்தது. "அவர் எங்க அத்தான். அவர வாசல்ல நிக்க வச்சுட்டு என்னால மேல ஏற முடியாது. உள்ள வரச் சொல்லுங்க."

பிறகு மருந்துக்கடைக்காரர் இறங்கி வந்து, கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டுப் போனார்.

நூலகர் குனிந்தார். கண்ணீர் மறைத்ததால் செருப்பு வாரைக் கழற்றுவதற்கு அவருக்கு வெகுநேரம் பிடித்தது.